பேச்சை மொழிபெயர்க்கும் கம்ப்யூட்டர்: எதுவரை நம்பலாம்?

2023 டிசம்பர் 17 அன்று வாரணாசியில் நடந்த காசி தமிழ்ச் சங்கமம் விழாவில் பிரதமர் நரேந்திர மோடி இந்தியில் ஆற்றிய உரையை, அங்கு கூடியிருந்த தமிழர்கள் காதுக் கருவி வழியே உடனுக்குடன் தமிழில் கேட்டனர். மொழிபெயர்த்தது மனிதர் அல்லர். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'பாஷினி' திட்டத்தின் கம்ப்யூட்டர். பிழைப்புக்காக வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இது நல்ல சேதியே. ஆயினும் இதை எதுவரை நம்பலாம் என்பது ஆராயத்தக்கது.

இம்முயற்சி பழையது. 1954-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும், 250 சொற்களே அறிந்த ஓர் இயந்திரத்தைக் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. ஆனால் மனிதரைவிட இயந்திரம் மெதுவானது, செலவும் அதிகம் என்று 1966-ல் நிபுணர் குழு கூறிவிட, அரசின் நிதியுதவி சுருங்கியது. இலக்கண விதிகளைப் புகட்டுவதை விட்டு, கோடிக்கணக்கான வாக்கியங்களைக் காட்டிப் பழக்கிய பிறகே நிலைமை மாறியது.

இவ்வேலை பெரும்பாலும் மூன்று கட்டங்களில் நடக்கிறது. கேட்ட ஒலியை எழுத்தாக்குவது முதற்கட்டம். அந்த எழுத்தை வேறு மொழிக்கு மாற்றுவது அடுத்தது. அதைக் குரலாக்குவது கடைசி. முதற்கட்டத்துப் பிழை மற்ற இரண்டையும் கெடுத்துவிடும்.

தமிழில் இந்த அபாயம் சற்று அதிகம். 'வாங்கவில்லை' என்று எழுதுகிறோம். பேசும்போது 'வாங்கல' என்கிறோம். "மேஸ்திரிகிட்ட கூலி வாங்கல" என்பதில் வழக்கே அந்தக் கடைசி ஒலியில்தான் இருக்கிறது. பட்டறை இரைச்சலில் அது அமுங்கினால், அல்லது வாக்கியம் முடியுமுன் இயந்திரம் அவசரப்பட்டால், 'வாங்கவில்லை' என்பது 'வாங்கலாம்' என்றோ 'வாங்கினேன்' என்றோ மாறிப்போகலாம். தவறைத் தடுமாறாமல் சொல்வதால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகமும் எழாது.

நீதிமன்றத்தில் சாட்சியின் வாக்கை மொழிபெயர்ப்பவர் 1969-ம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி உறுதிமொழி எடுக்க வேண்டும். இயந்திரத்துக்கு அந்தக் கடமை இல்லை. அதன் தவறுக்குரிய நஷ்டம் பேசியவர் தலையிலேயே விழும்.

வழி கேட்கவும் விலை பேசவும் இக்கருவி போதும். ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம், தொழிலாளர் அலுவலகம் என்று கையெழுத்து கேட்கும் இடங்களில், சொன்னதைத் திரும்பத் தமிழில் சொல்லச் செய்து, இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் சரிபார்த்த பின்பே கையெழுத்திடுவது நல்லது. அத்தகைய ஆளை அமர்த்தும் பொறுப்பிலிருந்து, கருவி வந்துவிட்டது என்று அரசும் விலகிவிடக் கூடாது.