ஜனாதிபதி அவர்களே, கையெழுத்து வைத்ததைச் சனத்துக்கு வாசித்துக் காட்டுங்கள்!



2025 ஏப்ரல் 5. இந்தியப் பிரதமர் மோடி கொழும்புக்கு வந்திருந்த நேரம், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. அதில் ஒன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு. கைச்சாத்துக்கு முதல் அதில ஒரு வரியாவது உங்களுக்குக் காட்டினார்களா? பாராளுமன்றத்தில விவாதம் நடந்ததா? இல்லை!

இதைச் செய்தது யார்? எட்கா வேண்டாம், கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்தைக் கொடுக்காதே, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைத் தொடாதே என்று வீதியில் நின்று கத்தியவர்கள். அன்று ஒளிவுமறைவு கூடாது என்றவர்களுக்கு, கதிரையில் ஏறினவுடன் ஒளிவுமறைவு இனிக்குதா?

நாங்கள் இந்தியாவுக்கு எதிராகப் பேசவில்லை. 2022இல் நாங்கள் எரிபொருள் வரிசையில் காய்ந்து கிடந்தபோது சுமார் 400 கோடி டொலர் உதவி தந்த நாடு அது. அதை மறக்க மாட்டோம். சீனாவுடன் பேசுவதையும் குறை சொல்லவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் டெல்லி, 2025 ஜனவரியில் பெய்ஜிங், ஏப்ரலில் கொழும்பு. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கையெழுத்து. இதெல்லாம் சேர்ந்து எங்கள் நாட்டை எந்தப் பக்கம் கொண்டுபோகுது என்று ஒருக்கா நேராகச் சொன்னால் என்ன?

"பாதுகாப்பு விசயம், எல்லாத்தையும் சொல்ல ஏலாது" என்பார்கள். சரி. ஆயுதக் கணக்கை நாங்கள் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்:

👉 அயல்நாடுகள் இரண்டு மோதிக்கொண்டால் திருகோணமலைத் துறைமுகம் யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும்?
👉 அதைத் தீர்மானிப்பது யார்? பாராளுமன்றமா, ஜனாதிபதி மட்டுமா?
👉 உடன்படிக்கையிலிருந்து விலக நினைத்தால் என்ன வழி?
👉 வடக்குக் கடலில் இழுவைப்படகு எங்கள் வலையை அறுக்குது. அந்த ஏழில் கடற்றொழிலாளருக்கென்று ஒன்றுகூட ஏன் இல்லை?

1987 யூலை 29ஐ எங்கள் சனம் மறக்கவில்லை. கொழும்பில் ஊரடங்கு போட்டுவிட்டு, இரண்டு தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். வடக்கு கிழக்கில் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. அடுத்த மூன்று வருடம் அதற்கு விலை கொடுத்தது யார் என்று எங்கள் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தே தெற்கை இரத்தக்களரி ஆக்கியது ஜே.வி.பி. மக்களைக் கேளாமல் செய்த ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்று ஜனாதிபதிக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை: உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பியுங்கள். ஏதாவது பகுதியை மறைக்கத்தான் வேண்டுமென்றால் எந்தப் பகுதி, ஏன் என்று சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கு. அதைக் கேட்பவரைத் துரோகி என்று பார்க்காதீர்கள்.

உறவுகளே, 2024 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும்கூட இவர்களுக்கு ஆசனம் கிடைத்தது. அந்த உறுப்பினர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது மாலை போட முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த உடன்படிக்கையை நீங்களாவது வாசித்தீர்களா?"

#வாசகத்தைவெளியிடு