அனிமேஷன் கற்கும் வாலிபர்கள்

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி வரை செல்வோர், அனிமேஷன் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளைக் காண்பர். கடன் வாங்கியேனும் தம் பிள்ளைகளை இவற்றில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் நம்பி வந்த தொழில் இன்று வேகமாக மாறி வருகிறது. இந்நிலையில் மாணாக்கருக்கு எதைக் கற்பிப்பது என்பதைத் தேச நன்மையை நாடுவோர் யாவரும் யோசித்தல் வேண்டும்.

இதுகாறும் நம் வாலிபர்களில் பலருக்குக் கிடைத்த வேலை எத்தன்மையது? அயல்நாட்டுப் படங்களில் நடிகரின் உருவத்தைப் பின்புலத்தினின்று பிரித்தெடுத்தல், அவரைத் தாங்கிய கம்பியை அழித்தல் முதலியனவே. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள்; ஒவ்வொன்றையும் பொறுமையுடன் திருத்த வேண்டும். கூலி குறைவு என்பதாலேயே இவ்வேலை கடல் கடந்து நம்மிடம் வந்தது. அதனினும் மலிவாக யந்திரம் செய்யுமாயின், நம்மைவிட்டு நீங்கவும் செய்யும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பது இத்தகைய வேலைகளில்தான்.

பிறரை அண்டிய பிழைப்பு எத்துணை நிலையற்றது என்பதற்குச் சான்றுகள் உள. 'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரிச் சிறுவன் ஒருவனின் கதை. அதில் புலியை உயிர்பெறச் செய்த அமெரிக்கக் கம்பெனியான ரிதம் அண்டு ஹியூஸுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அப்படம் காட்சி ஜாலத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றது. அதற்குச் சுமார் இரு வாரம் முன்னரே கம்பெனி திவால் மனுச் செய்துவிட்டது! 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் கம்பெனி வீழ்ந்தபோது பெங்களூரிலிருந்த அதன் ஊழியர்கள் திடீரென வேலையிழந்தனர். அவர்கள் திறமையில் குறைந்தவரல்லர். வேலையின் குடுமி அயலார் கையில் இருந்தது, அதுவே குறை.

அங்ஙனமாயின் இக்கலையைக் கைவிடுவதா? கூடாது. லாட்வியா தேசத்தின் ஜனத்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டு வாலிபர் ஒருவர், 'பிளெண்டர்' என்னும் விலையில்லா மென்பொருளைக் கொண்டு இயக்கிய 'ஃப்ளோ' 2025 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. சென்னையிலேயே பென்டாமீடியா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பாண்டவர் கதையை முழுநீளக் கணினிச் சித்திரமாக எடுத்ததையும் மறத்தலாகாது.

ஆகவே நாம் கூறுவது இது. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்பிப்பது போதாது. சில வருஷங்களில் அவை மாறிவிடும். உடலமைப்பு, நடையின் பாரம், ஒளியும் நிழலும், கதையமைப்பு ஆகியவை மாறா. புதிய யந்திரத்தைக் கையாளவும் மாணாக்கர் அறியட்டும். ஆயின் அது தந்த சித்திரம் நன்றா, தீதா எனத் தீர்மானிக்கும் கண் அவர்களுக்கு வேண்டும். இரண்டு நிமிஷமேனும் ஓடும் தமிழ்ச் சித்திரம் ஒன்றைத் தாமே ஆக்கியவருக்கே சான்றிதழ் வழங்கப்படல் வேண்டும். பல்லாயிரம் ரூபாய் கட்டணம் பெறும் நிலையங்கள், தம்மிடம் பயின்றோரில் எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுதலும் முறை.

சர்க்காருக்கும் கடமையுண்டு. 2018 முதல் நம் பாடநூல்களில் காணொளிக்கு வழிகாட்டும் குறியீடுகள் அச்சாகின்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கிற்று. இவற்றுக்கு வேண்டிய சித்திரப் பாடங்களில் ஒரு பங்கை இவ்வாலிபரிடம் ஒப்படைத்தால், அவர்க்குப் பிழைப்பும் நம் குழந்தைகட்குத் தமிழில் நல்ல பாடமும் ஒருங்கே கிட்டும். பிறர் கதைக்குக் கூலியாளாய் நின்றது போதும். நம் கதையை நாமே சொல்லத் தொடங்குவோமாக.