வென்டிலேட்டருக்கு எதுக்குத் தண்ணீர்? ஐசியுவில் யாரும் கவனிக்காத பாட்டிலின் கதை

கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், கருப்புப் பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழக அரசு கொண்டுவந்தது. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் முக்கியக் காரணங்கள். ஆனால், ஐசிஎம்ஆர் அறிவுரையில் இன்னொன்றும் இருந்தது: ஹியூமிடிஃபயரில் கிருமி நீக்கிய சுத்தமான தண்ணீரையே ஊற்றுங்கள்.

அந்தத் தண்ணீருக்கு அங்கே என்ன வேலை?

மூக்கு செய்யும் வேலை

நாம் இழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகின்றன. நுரையீரலை எட்டும்போது அது 37 டிகிரியில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருக்கும். வென்டிலேட்டர் நோயாளிக்குக் குழாய் நேரே மூச்சுக்குழாய்க்குள் போகிறது. மூக்குக்கு வேலையே இல்லை. மருத்துவமனை ஆக்ஸிஜனோ சுத்தமாக உலர்ந்தது. ஈரம் சேர்க்காவிட்டால் சளி காய்ந்து கெட்டியாகும், குழாயே அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து.

கடலோரக் காற்றில்தான் ஈரம் இருக்கே?

பெரிய முதலியார்சாவடியில் 30 டிகிரி வெப்பம், 80% ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு கசகசக்கும். ஆனாலும் அந்தக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிகிராம் நீர்தான். மீதியை மூக்குதான் சேர்க்கிறது.

இரண்டு வழிகள்

ஒன்று, தண்ணீரைச் சூடாக்கி ஆவியைக் கலக்கும் ஹியூமிடிஃபயர். இதற்கு லிட்டருக்கு 33 முதல் 44 மில்லிகிராம் என்று அமெரிக்க சுவாசப் பராமரிப்பு சங்கத்தின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. இன்னொன்று, எச்எம்இ எனும் சின்ன ஃபில்டர். நோயாளி வெளியே விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் திருப்பித் தரும். இதில் குறைந்தது 30 மில்லிகிராம் வேண்டும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். ஆனால், சளி கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் இது சரிப்படாது.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கலாம். சலைனும் கூடாது. மரக்காணம் உப்பளத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும்: நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். எனவே கிருமி நீக்கிய நீர் மட்டும்தான்.

குழாயில் தேங்கும் நீரிலும் கிருமி வளரும். அது நோயாளி பக்கமோ ஹியூமிடிஃபயருக்குள்ளோ திரும்பிப் போகக் கூடாது.

வீட்டில் கான்சன்ட்ரேட்டர் இருந்தால்?

பாட்டில் நீரைத் தினமும் மாற்றணும். பழைய நீரின் மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது. குறைந்த அளவு ஆக்ஸிஜனுக்குப் பல நேரம் பாட்டிலே தேவைப்படாது. டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.