சேமிக்கப்படும்: யாரால்?

களப்பணிக்குச் செல்லுமுன் நாம் அனைவரும் ஓர் ஒப்புதல் படிவம் தயாரிக்கிறோம். அதில் தவறாமல் ஒரு வாக்கியம் இடம்பெறும்: "தங்கள் குரல் பதிவுகளும் விவரங்களும் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும்." இலக்கணப்படி குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், செய்பவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடும் வசதி செயப்பாட்டுவினைக்கு உண்டு. ஆதிலாபாத் மாவட்டத்தில் கொலாமி பேசும் ஆசிரியை ஒருவர், அந்த வாக்கியத்தின் தெலுங்கு வடிவத்தைச் சென்ற ஆண்டு படித்துவிட்டு, "யார் சேமிப்பார்கள்? எந்த ஊரில்?" என்று கேட்டார். மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற என்னிடம் அந்த எளிய கேள்விக்கு விடை இருக்கவில்லை. விடை தேடிய சில மாதங்களில் நான் வந்தடைந்த கருத்தை இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் மறுத்து எழுதுக.

கொலாமி நடுத் திராவிட மொழிகளுள் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1.28 லட்சம் பேர். எமனோ அம்மொழியைப் பற்றிய தம் நூலை 1955இல் வெளியிட்டார். அதற்கெனப் பரவலாக வழங்கும் தனி எழுத்து இல்லை. தெலங்கானாவில் தெலுங்கு எழுத்திலும் மகாராஷ்டிரத்தில் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள். ஐதராபாத்தில் ஆய்வு செய்யும் நாங்கள் ஐவரும், அம்மொழி பேசும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, மாஸ்டோடன் மென்பொருளைக் கொண்டு ஒரு சிறு சமூக வலையமைப்பை நடத்துகிறோம். உறுப்பினர் இருநூறு பேருக்கும் குறைவு. விடுகதைகள், சந்தை விலை, திருமண அழைப்பு, பாட்டிமாரின் குரல் பதிவுகள் என்று அங்கே ஒரு மொழி அன்றாடம் புழங்குகிறது. அதற்கு இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடியும் தறுவாயில்தான் ஆசிரியையின் கேள்வி வந்தது.

மாஸ்டோடன் 2016இல் வெளிவந்தது. அது இப்போது பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரைத் தரமாக அறிவித்தது. மின்னஞ்சலைப் போலவே, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு உரையாடலாம். அனைத்தையும் ஆளும் ஒரே உரிமையாளர் கிடையாது. 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை ஒட்டி இந்தியர் பலர் அங்கே சென்றனர். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது உலகெங்கிலுமிருந்து இன்னும் பெரிய கூட்டம் சென்றது. "இங்கே முதலாளி இல்லை" என்பதே அன்றைய உற்சாகம். அது பாதி உண்மை. மென்பொருளுக்கு முதலாளி இல்லாமல் இருக்கலாம். அது ஓடும் இயந்திரத்துக்கு உண்டு. நாம் குடியிருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறது. மாஸ்டோடனில் "தனிச் செய்தி" என்று நாம் அனுப்புவதும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படாதது. தரவுத்தளத்தைத் திறக்க முடிந்தவர் அதைப் படிக்க முடியும்.

ஆகவே, அறம்சார்ந்த ஹோஸ்டிங் நிறுவனம் எது என்ற கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்கிறேன்: ஒப்புதல் படிவத்தின் அந்த வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி, எழுவாயில் எந்தப் பெயரை எழுத முடியும்?

முதலில், அதிகாரம் கதவைத் தட்டும்போது அந்த நிறுவனம் நம்மிடம் சொல்லுமா? இத்தாலியில் ஆட்டிஸ்டிச்சி–இன்வென்டாட்டி என்ற தன்னார்வக் குழு சமூக இயக்கங்களுக்கு மின்னஞ்சலும் இணைய இடமும் வழங்கி வருகிறது. 2004இல் காவல்துறையினர், இடம் கொடுத்திருந்த நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அக்குழுவின் சர்வரை நிறுத்தி, மறையாக்கச் சாவிகளை நகலெடுத்தனர். மின்கோளாறு என்றே நிறுவனம் குழுவினரிடம் சொல்லியிருந்தது. உண்மை அவர்களுக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று. அதன்பின் அவர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, சர்வர்களைப் பல நாடுகளில் பரப்பி வைத்தனர். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதை நான் குற்றம் சொல்லவில்லை. எந்த நிறுவனமும் நீதிமன்ற ஆணையை மீற முடியாது, மீறுவோம் என்று விளம்பரம் செய்பவரை நம்பவும் கூடாது. ஆணையை எழுத்தில் கேட்பது, கேட்ட அளவுக்கு மேல் கொடுக்காமலிருப்பது, சட்டம் தடுக்காதவரை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்களா என்பதே உரைகல்.

"அப்படியானால் வெளிநாட்டில் வைத்துவிடலாமே" என்று எங்கள் கூட்டத்திலும் சிலர் சொன்னார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணையின்படி, தரவு மையங்களும் மேகக்கணினி நிறுவனங்களும் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி முதலிய விவரங்களை, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் பேண வேண்டும். இந்த நீண்ட நினைவாற்றல் கவலைக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சர்வர் எங்கே இருந்தாலும் அதை நடத்தும் நாம் இங்கேதான் வாழ்கிறோம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், உறுப்பினர் எண்ணிக்கை எதுவாயினும் குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிடச் சொல்கின்றன. அப்பெயர் எங்களுள் ஒருவருடையது. தூர தேசம் நமக்குத் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் கற்பனையே.

இன்னொன்றும் உண்டு. 2023 மே மாதம் அமெரிக்காவில், கொலெக்டிவா என்னும் மாஸ்டோடன் சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில் வேறொரு விவகாரம் தொடர்பாக எஃப்.பி.ஐ. சோதனையிட்டது. அங்கே மறையாக்கமின்றி இருந்த தரவுத்தள நகலும் அதன் கைக்குப் போயிற்று. அங்கே ஹோஸ்டிங் நிறுவனம் எந்தத் தவறும் செய்யவில்லை. நல்ல வீட்டுக்காரரைத் தேடுபவர் தம் வீட்டுப் பெட்டியைப் பூட்டினாரா என்றும் பார்க்க வேண்டும். வைத்திராத விவரத்தை எவரும் பறிக்க முடியாது. ஆகவே குறைவாகச் சேமிப்பதே முதல் காப்பு.

இரண்டாவது, நாம் விரும்பும்போது வெளியேற முடியுமா? இதையே நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடியதை நம்மில் பலர் பள்ளிப் பருவத்தில் பார்த்தோம். இந்தியர்கள் இணையத்தில் தம் மொழியை எழுதிப் பழகிய முற்றங்களுள் ஒன்று அது. இன்று ஆய்வுக்கு ஒரு தரவுத்தொகுதியாக அதை எங்கே தேடுவது? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். நம் கல்விக்கூடங்களிலும் இதற்கு நெருப்பு தேவையில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு திட்டத்தின் சொல்வங்கி, நிதி முடிந்த மறு ஆண்டே இணையத்திலிருந்து மறைந்தது. தரவு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். "பல்கலைக்கழக சர்வரிலேயே இலவசமாக வைக்கலாமே" என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை அதுதான். இலவசமாகக் கிடைத்த இடத்தில் நமக்கு வாடகை ரசீது இல்லை; கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை.

வெளியேறும் உரிமைக்கு வேண்டியவை மிக எளியவை: எந்த நிறுவனத்திலும் ஓடும் பொதுவான மென்பொருள், வேறொரு நிறுவனத்திடம் மறையாக்கம் செய்த நகல், ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து பிரித்துப் பதிவு செய்த இணைய முகவரி. கடைசியதை எளிதாக எண்ண வேண்டாம். ஆப்கானிஸ்தானின் நாட்டுக்குறியான '.ஏஎஃப்' என்பதில் முடிந்த முகவரியைக் கொண்டிருந்த ஒரு மாஸ்டோடன் சர்வர், தாலிபான் அரசு அதைப் பறித்ததும் 2024 பிப்ரவரியில் தன் பெயரையே இழந்தது. அழகுக்காகத் தேர்ந்த இரண்டெழுத்துக்குப் பின்னாலும் ஓர் அரசு இருக்கிறது.

மூன்றாவது, அந்த இயந்திரம் எதை எரித்து ஓடுகிறது? இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. கொலாம் மக்கள் வாழும் யவத்மாள் பகுதியிலேயே நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. அவர்கள் மொழியைக் காக்கும் சர்வர் எதை எரிக்கிறது என்பது வெறும் குறியீட்டுக் கேள்வி அன்று. பசுமை மின்சாரம் பயன்படுத்தும் நிறுவனங்களின் பட்டியலை கிரீன் வெப் ஃபவுண்டேஷன் பேணுகிறது. அது நல்ல தொடக்கம். எனினும், நேரடியாக வாங்கிய காற்றாலை மின்சாரமும், ஆண்டிறுதியில் வாங்கிச் சேர்த்த சான்றிதழும் ஒன்றல்ல. இதில் நம் பங்கும் உண்டு. மாஸ்டோடன் பிற சர்வர்களின் படங்களையும் காணொளிகளையும் தன்னிடம் நகலெடுத்துக் குவிக்கும். அவற்றைச் சில நாள்களில் நீக்கும்படி அமைத்ததும் எங்கள் வட்டின் இடத்தேவை பாதிக்கும் கீழே இறங்கியது. நிறுவனத்தின் பசுமையைக் கேட்குமுன் நம் குப்பையைக் கூட்டியிருக்க வேண்டும்.

இருநூறு பேருக்காக இவ்வளவு ஆராய்ச்சியா, இது தூய்மைவாதம் அல்லவா என்று வழிகாட்டி ஒருவர் சிரித்தபடி கேட்டார். எல்லா அளவுகோலிலும் தேறும் நிறுவனம் எங்களுக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மை. சிறிய கூட்டுறவு நிறுவனம் எங்கள் நிதிக்கு எட்டவில்லை. மலிவான பெருநிறுவனம் கடிதத்துக்கு விடையே தரவில்லை. இறுதியில், மூன்று கேள்விகளுக்கும் ஒரு மனிதர் தம் பெயரைக் கையொப்பமிட்டு விடை எழுதிய நடுத்தர நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தோம். பசுமையில் அது இரண்டாம் இடம்தான். பழைய இடத்தைவிட மாதம் சில நூறு ரூபாய் கூடுதல். உறுப்பினரில் இயன்றவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். இருநூறு பேர் என்பதாலேயே இது முடிந்தது என்றும் நினைக்கிறேன். இருபது கோடிப் பேர் கூடும் தளத்தில் ஓர் ஆசிரியை "எந்த ஊரில்?" என்று கேட்க முடியாது.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் அடுத்த ஒப்புதல் படிவத்தில் "சேமிக்கப்படும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, யார், எங்கே, எவ்வளவு காலம், எப்படித் திரும்பப் பெறுவது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் பதிவுக் கருவியை எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

நாங்கள் அப்படி ஒரு பக்கம் எழுதி, தெலுங்கு எழுத்தில் கொலாமியிலும் தெலுங்கிலும் அச்சிட்டு ஆதிலாபாத்துக்கு எடுத்துச் சென்றோம். ஆசிரியை முழுவதையும் படித்தார். பிறகு ஒரு வரி குறைகிறது என்றார்: நீங்கள் ஐவரும் பட்டம் பெற்றுப் போனபின் சாவி யாரிடம்? அந்த வரியை இன்னும் நிரப்பவில்லை. அதை நிரப்புவதற்காகவே, அவ்வூர்ப் பள்ளியில் பயிலும் இருவருக்கு இந்த விடுமுறையில் சர்வர் நிர்வாகம் கற்றுத்தரத் தொடங்கியிருக்கிறோம்.