உப்பு ஏறும் முன் எழுவோம்

தோழர்களே! வேதாரண்யம் முதல் பூம்புகார் வரை, கடைமடையில் நின்று தன் வயலில் உப்புப் பூப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்: இது ஒரு போகத்து நஷ்டம் அல்ல. உலகின் முதல் நகரங்களைக் கட்டிய மக்களை இதே உப்புதான் உள்ளிருந்து அரித்தது.

இன்றைய தெற்கு இராக்கில், யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் இருந்தது சுமேரியா. அங்கே லகாஷ், உம்மா என்ற இரு நகர அரசுகள் எல்லை வயலுக்கும் வாய்க்காலுக்கும் தலைமுறை தலைமுறையாக மோதின. கடைசியில் லகாஷின் மன்னன் என்டெமெனா டைகிரிஸிலிருந்தே புது வாய்க்கால் இழுத்தான். தண்ணீர் பெருகியது, வடிய வழியில்லை. நிலத்தடி நீர் மேலேறி வந்து வெயிலில் ஆவியானது. உப்பு மட்டும் மண்ணில் தங்கியது.

களிமண் பலகைகளில் இருந்த கணக்குகளையும், அதற்கும் முந்தைய பானைகளில் பதிந்த தானியத் தடங்களையும் கொண்டு ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958-இல் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சரிபாதி. கி.மு. 2100-இல் கோதுமை வெறும் 2 சதவீதம். கி.மு. 1700-இல் அங்கே கோதுமையே இல்லை. உப்பைத் தாங்கும் பார்லிகூட, கி.மு. 2400-இல் ஹெக்டேருக்கு 2,537 லிட்டர் விளைந்த நிலையிலிருந்து, கி.மு. 1700-இல் 897 லிட்டருக்கு இறங்கிவிட்டது. உப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வறட்சியும் போரும் சேர்ந்துகொண்டன. ஆனால் களஞ்சியம் வற்றிய நாடு எந்த அடியைத் தாங்கும்? இந்தச் சரிவின் நடுவிலேயே, கி.மு. 2004 வாக்கில், கிழக்கேயிருந்து வந்த ஏலாமியர் சுமேரியாவின் உர் நகரைச் சூறையாடினார்கள். பிறகு அதிகாரம் வடக்கே, பாபிலோனுக்குப் போனது.

என் நெஞ்சைச் சுடுவது ஒன்றுதான். விளைச்சல் சரிவதை அவர்களே அளந்து, அவர்கள் கையாலேயே எழுதி வைத்தார்கள்.

நாமும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்காற்று மண்டலத்தில் உப்புநீர் தேக்கிய இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களைத் தொடவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் நாமே ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம். உறிஞ்ச உறிஞ்சக் கடல் நிலத்தடியில் உள்ளே வருகிறது. வடிகால்களோ ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கின்றன.

ஆகவே தோழர்களே, வரும் கிராம சபைக்கு வெறுங்கையோடு வராதீர்கள். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த தாளோடு வாருங்கள். குத்தகைக்காரரையும், நாற்று நடும் பெண்களையும் அழைத்து வாருங்கள்; நிலம் உவரானால் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள்தான். வடிகால்களைத் தூர்வார வேண்டும், வயல்களுக்கு நடுவே இறால் குட்டைக்கு இடம் கிடையாது: இரண்டையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதி முடிக்கும் வரை ஒருவரும் கலையாதீர்கள்!