கொதிக்க விட்டால் போச்சு!

திருவாதவூரில் அப்பத்தா தரும் நீச்சத்தண்ணியில் லேசாக நாரத்தை வாசம் வீசும். அவர் போன பிறகு, அந்த ருசிக்கு ஆசைப்பட்டு இலையைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். வாசம் போய், கசப்புதான் மிஞ்சியது!

இலையின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. சூட்டில் ஆவியாகிவிடும். பீர் காய்ச்சுபவர்களுக்கும் இதே கணக்குதான். ஹாப்ஸ் பூவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு. கடைசியில் போட்டால் மணம். 1972-ல் அமெரிக்காவில் வெளியான 'கேஸ்கேட்' ஹாப்ஸின் எலுமிச்சைச் சாயலும் அப்படிக் கிடைப்பதுதான்.

இரவு சோற்றில் ஊற்றிய நீரைக் காலையில் வடித்து, மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேருங்கள். 2 இளம் நாரத்தை இலைகளை நரம்பு நீக்கி, கசக்கிப் போடுங்கள். 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

இந்த முறை ஒரு மடக்கு குடித்த அப்பா, "எங்க ஆத்தா குடுத்த மாதிரியே இருக்கு" என்றார்.