காவலுக்குப் போட்ட வோட்டு

தோட்டத்தில் புலி நடமாடுகிறது என்று பெரட்டில் சொல்லிவிட்டால், அன்று சம்பளப் பேச்சு எழுமா? எழாது! விளக்கும் கையுமாக நிற்கும் காவற்காரனே அன்று நமக்குக் கண்கண்ட தெய்வம். நாட்டு அரசியலும் இப்படித்தான். எதிரி பயம் எழும்போது ஜனங்கள் ஆட்சியில் இருப்பவர் பக்கமே சாய்கிறார்கள். அதைக் குற்றம் என்று கூறமாட்டோம். உயிர் இருந்தால்தானே கூலி? ஆனால், காவலுக்கென்று போட்ட வோட்டு வேறு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதைத் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார், 1971க்குள் தன் படைகளை அழைத்துக்கொள்வதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்த தமிழர், மலையாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஊசலாடியது. சுதந்திரம் பெற்று மூன்றாண்டு கூட நிரம்பவில்லை. சொந்தப் படையோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் கலக்கத்தில் ஏப்ரல் 13ல் தேர்தல் வந்தது. பாரிசான் சோசலிஸ் தேர்தலைப் புறக்கணித்தது. 58 தொகுதிகளில் 51ல் போட்டியே இல்லை. 58ம் மக்கள் செயல் கட்சிக்கே சென்றன.

அதே ஆண்டு வேலைச் சட்டம் பிறந்தது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்று வகுக்கப்பட்டது. பொது விடுமுறை 15லிருந்து 11 ஆகக் குறைந்தது. மற்றொரு சட்டத் திருத்தம், பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு ஆகியவற்றைப் பற்றிச் சங்கம் பேரம் பேச முடியாதபடி செய்தது. முதலீடு வந்தால் வேலை பெருகும் என்றது சர்க்கார். வேலை பெருகியதும் உண்மைதான். அதை மறைப்பது நேர்மையல்ல. ஆயினும், எதிர்த்துக் கேட்கச் சட்டமன்றத்தில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் கூட இல்லை என்பதும் உண்மையல்லவா?

பயம் தரும் ஆதரவு நிலையானதுமல்ல. 2001 செப்டம்பர் 11ல் அமெரிக்காவில் தாக்குதல் நடந்தது. எட்டு வாரத்துக்குள் சிங்கப்பூரில் தேர்தல். பொருளாதார மந்தம் வாட்டிய வேளையிலும், 1997ல் 65 சதவிகிதம் பெற்ற ஆளுங்கட்சி 75 சதவிகிதத்துக்கு ஏறியது. 2006ல் அது சுமார் 67க்கு இறங்கியது.

இலங்கையைப் பாருங்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அந்த வெற்றியைக் காட்டி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச 2010 ஜனவரியில் 57 சதவிகிதத்துக்கு மேல் பெற்று வென்றார். வடபகுதித் தமிழர் அன்றே அவரை ஏற்கவில்லை. பின்னர் விலைவாசியும் குடும்ப ஆட்சியும் தெற்கிலும் பேச்சாயின. 2015 ஜனவரியில் அவர் தோற்றார்.

தோழர்களே! நாட்டைக் காப்பது யார் என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதே மூச்சில், நம் கூலியையும் விடுமுறையையும் சங்கத்தையும் காப்பது யார் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக ஏற்றுவிடாதீர்கள்.

புலி வந்தால் காவற்காரனுக்குத் துணை நிற்போம். அதற்காக, பால் நிறுக்கும் தராசிலிருந்து கண்ணை எடுத்துவிடலாமா?